யுத்தமும் மானிட மேம்பாடும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒரு சமுதாயத்தின் உயர்வைப் பணத்தால் மட்டும் அளத்தல் தகாது. நீண்ட ஆயுள், கல்வி, போதிய வருவாய் ஆகிய மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்றது, 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் வெளியிட்ட முதலாவது மானிட அபிவிருத்தி அறிக்கை. அந்த அளவுகோலை நம் குடாநாட்டின்மேல் வைத்துப் பார்ப்போம்.

யுத்தத்தில் மாண்டோரை எண்ணுவதோடு கணக்கு முடிவதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1990 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் அடைபட்டன, யாழ்தேவியும் நின்றது. புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வர 2014 ஆயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். தோட்டம் போனால் வருவாய் போகும்; வருவாய் போனால் பிள்ளையின் உணவு குறையும்; உணவு குறைந்தால் படிப்புத் தளரும். துவக்குகள் 2009 இல் ஓய்ந்தபின்னும் இச்சங்கிலி ஓய்வதில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மின்சாரமற்ற ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்துப் பரீட்சைக்குத் தோற்றினர். இது எங்கிருந்து வந்தது? 1823 இல் மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும், 1848 இல் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் இட்ட அத்திவாரம் அது. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் இவ்விரண்டுக்கும் கடன்பட்டவர்கள். யுத்தம் எதை அழித்தது என்பதைப் போலவே, எது தாங்கி நின்றது என்பதையும் அறிதல் வேண்டும்.

வருவதை முன்னறிய இயலுமா? சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தாரும் ஒஸ்லோ சமாதான ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பழைய சண்டைகளின் பதிவுகளைக் கணினியிலிட்டு, மூன்றாண்டு வரை வரக்கூடிய மோதல்களை மாதந்தோறும் கணிக்கின்றனர். பஞ்சாங்கம் கிரகணத்தைச் சொல்வதும் முன்னோர் அளந்து வைத்தமையாலன்றோ? நமக்கோ அளவே இல்லை. 1991 இல் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் வடக்கில் முழுமையாக நடைபெறவில்லை. இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தனர்; 2012 இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே இருந்தனர். இடைப்பட்ட முப்பத்தோராண்டு வெற்றேடு. எண்ணப்படாத ஊருக்கு எவரால் திட்டமிட இயலும்?

ஆகையால் நம் சங்கம் இப்பணியை ஏற்க வேண்டும். படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள், பெண்களே தாங்கும் குடும்பங்கள், அவயவம் இழந்தோர் என வட்டாரம் வட்டாரமாக, அவரவர் சம்மதத்துடன், பெயரை வெளியிடாது, ஆண்டுதோறும் கணக்கெடுப்போம். வாலிபர் வீடு வீடாகச் செல்க. பெரியோர் தாம் அறிந்ததைச் சொல்லி உதவுக. உதவி கேட்கச் செல்லும் நாளில் கண்ணீரோடு கணக்கும் நம் கையிலிருக்கும். அடுத்த ஆண்டு மலரில் முதற் கணக்கு வெளிவருவதாக!