கடலில் ஒரு வயல்



ஆறு கடலில் கலப்பதைக் கண்டால், "இத்தனை நீரும் வீணாகிறதே!" என்று நாம் வருந்துகிறோம். உழவர் நாட்டில் அவ்வருத்தம் இயல்பே. ஆயினும் அந்நீரை எதிர்பார்த்திருக்கும் வயலொன்று கடலிலும் உண்டு.

செங்கற்பட்டு மாவட்டத்துப் புதுப்பட்டினத்திற்குத் தெற்கே, வாயலூர் அருகில் பாலாறு வங்கக் கடலை அடைகிறது. நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், மாணவர் சிலருடன் அக்கரையில் மல் துணிப்பை ஒன்றை நீரில் இழுத்துப் பார்த்தேன். பையின் அடியில் பழுப்பு நிறக் குழம்பு சிறிது தங்கிற்று. அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் கண்ட மீனவச் சிறுவன், "ஐயா, கண்ணாடிப் பெட்டிகள்!" என்று கூவினான்.

அவன் கண்டவை டயாட்டம் என்னும் நுண்பாசிகள். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்பவை. இவ்வாறு நீரோட்டத்தின் போக்கில் மிதக்கும் உயிர்களுக்கு, 'அலைந்து திரிவது' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால், 'பிளாங்க்டன்' என 1887-இல் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன். உலகில் பசுந்தாவரங்கள் வெயிலைக்கொண்டு ஆக்கும் உணவில் ஏறக்குறையப் பாதி இம்மிதவைப் பாசிகள் ஆக்குவதேயாகும்.

நெய்ச்சாளையின் செவுளில் சீப்பின் பற்கள் போன்ற முட்கள் நெருங்கியுள்ளன. அது வாய் திறந்து நீந்துகையில் நீர் வெளியேறும், பாசி தங்கிவிடும். ஃபிராஜிலேரியா என்னும் டயாட்டம் பெருகுங்கால் நெய்ச்சாளையும் மிகுதியாகக் கிடைப்பதை, 1955-இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் மேற்குக் கரையில் எடுத்துக்காட்டினர். பாசியைத் துடுப்புக்காலிப் பூச்சிகள் தின்னும். அவற்றை நெத்திலி தின்னும். நெத்திலியை வஞ்சிரம் தின்னும். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உடலாக மாறுகிறது. ஆகவே ஒரு கிலோ வஞ்சிரத்திற்குப் பின்னால் ஆயிரம் கிலோ பாசி நிற்கிறது!

இவ்வயலுக்கு எரு எங்கிருந்து வருகிறது? நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, சிலிக்கா ஆகியவற்றில் ஒரு பகுதியை ஆறுகளே கொணர்கின்றன. எரு இட்ட அன்றே பயிர் விளைவதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போது கடல் கலங்கி, உப்புக் குறைந்து, வெயில் உட்புகாமையால் பாசி குன்றும். மழை ஓய்ந்து நீர் தெளிந்தபின் செழிக்கும்.

அளவு மிஞ்சினால் எருவும் நஞ்சே. சாக்கடையும் இரசாயன உரமும் மிகுந்து சேர்ந்தால் பாசி மட்டின்றிப் பெருகி, மடிந்து அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடும். மீன்கள் மூச்சற்றுச் சாகும். பாலாற்றுக்கு வேறொரு துன்பமும் நேர்ந்தது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று.

வாயலூரில் நிலத்தடி நீர் காக்கத் தடுப்பணை எழுந்துள்ளது. குடிநீர் வேண்டும்; அதனை நான் மறுக்கவில்லை. நான் வேண்டுவது, கடலுக்குரிய பங்கையும் கணக்கில் வையுங்கள் என்பதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளை நிறுத்தி மீனினத்தைக் காக்கிறோம். மீனைக் காப்பவர் அதன் இரையையும் காக்கவேண்டாமா? தூய நீராய் ஆறு கடல் சேருமாயின், அது வீணன்று. மீனவர் வலைக்கு நாம் இடும் விதை.