தேறலும் தேறுதலும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழிலே ‘தேறல்’ என்றொரு சொல் உண்டு. வண்டல் அடியிலே தங்க, மேலே தெளிந்து நிற்கும் மதுவை நம்மவர்கள் தேறல் என்றனர். யவனர் கொண்டுவந்த மதுவையும் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் இச்சொல்லாலேயே குறிப்பிடுகிறார். ஒருவரை ஆராய்ந்து நம்புவதற்கும் தேறுதல் என்றே பெயர். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரம் அதைப் பற்றியது. இவ்விரு பொருளும் சந்திக்கும் ஓரிடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது உணவகமொன்றின் வைன் பட்டியல்.

இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கென்ன வேலை என்று கேட்பீர்கள். பட்டியலும் ஒரு தொகுப்பு நூல் போன்றதே. ஒருவர் தெரிவு செய்கிறார். இன்னொருவர் அதை வாசித்து மதிப்பிடுகிறார்.

2008ஆம் ஆண்டிலே நடந்ததைச் சொல்கிறேன். றொபின் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க விமர்சகர், இத்தாலியின் மிலான் நகரில் ‘ஒஸ்டேரியா லின்ட்றேபிடோ’ என்றோர் உணவகம் இருப்பதாகக் காட்டினார். ஒஸ்டேரியா என்பது அயலவர் வந்துபோகும் சாதாரணச் சாப்பாட்டுக் கடை. இன்ட்றேபிடோ என்றால் அஞ்சாதவன். இணையத்தளம், தொலைபேசி இலக்கம், உணவு விபரம், வைன் பட்டியல் எல்லாம் இருந்தன. கடைதான் இருக்கவில்லை! உணவகங்களின் வைன் பட்டியல்களுக்கு விருது வழங்கும் ‘வைன் ஸ்பெக்டேற்றர்’ என்ற அமெரிக்கச் சஞ்சிகைக்கு, 250 டொலர் கட்டணத்துடன் அவர் விண்ணப்பித்தார். விருதும் கிடைத்தது.

பட்டியலின் சிறப்புப் பகுதியில் அவர் சேர்த்திருந்தவை, அதே சஞ்சிகை முன்னர் மிகக் குறைந்த புள்ளி வழங்கிய இத்தாலிய வைன்கள். சஞ்சிகையினரும் பதில் கூறினர். பலமுறை தொலைபேசியில் அழைத்ததாகவும், பதிவுக் கருவியே பதிலளித்ததாகவும், பட்டியலின் ஏனைய வைன்களிற் பெரும்பாலானவை நல்லவை என்றும் சொன்னார்கள். அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பது மெய். ஆனால், தாங்களே தள்ளிவைத்த பெயர்கள் கண்முன்னே இருந்தும் அவை கண்ணிற் படவில்லையே! பட்டியலை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வாசித்துப் பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அப்படியாயின் வாசிப்பது எப்படி? நான் முதலிலே தேடுவது மூன்று விபரங்கள்: யார் செய்தது, எந்த ஊர், எந்த ஆண்டு. ‘பிரெஞ்சுச் சிவப்பு வைன்’ என்று மட்டும் எழுதும் கடை எதையோ மறைக்கிறது. பிரான்ஸின் போர்தோ பிரதேசத்தில் 2010ஆம் ஆண்டு மிகச் சிறப்பாக அமைந்தது. 2013இல் காலநிலை கெடுத்துவிட்டது. ஊர் ஒன்றாயினும் ஆண்டு வேறாயின் சுவையும் வேறு.

அடுத்து, பட்டியலுக்கும் அடுப்படிக்கும் உறவு உண்டா என்று பார்ப்பேன். மீன் கறியே பெயர்பெற்ற கடையில் துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன்களே நிறைந்திருந்தால், எழுதியவர் அந்தச் சமையலை உண்டு பார்த்தவராக இருக்க முடியாது.

மூன்றாவதே எனக்கு முக்கியமானது. பட்டியலில் ஆகக் குறைந்த விலைக்குரிய வைன் எது? 750 மில்லிலீற்றர் போத்தலொன்றில் 125 மில்லிலீற்றர் வீதம் ஆறு கிளாஸ் கிடைக்கும். போத்தலைத் தாம் வாங்கிய விலையையே ஒரு கிளாஸுக்கு அறவிடும் உணவகங்கள் பலவுண்டு. அயற்கடைக்கு வாராவாரம் வருபவர் அந்த ஒரு கிளாஸையே கேட்பார். விலையுயர்ந்த போத்தலைத் தெரிவு செய்யப் பணம் போதும். மலிவான வைனை நல்லதாகத் தெரிவு செய்ய நாக்கும் வேண்டும், வருபவர்மீது மரியாதையும் வேண்டும். பரிமாறுபவர் சுவைத்தறிந்த இருபது வைன்கள், யாரும் திறந்து பாராத இருநூறிலும் மேலானவை.

நேயர்களே, நமது நூல்களுக்கும் பரிசுகள் வழங்கப்படுகின்றன. எத்தனை நூல், எத்தனை பக்கம், எத்தனை விருது என்ற கணக்கு மேடைகளில் வாசிக்கப்படுகிறது. அந்தப் பக்கங்களை யாராவது புரட்டினார்களா என்ற கேள்வியும் கூடவே எழவேண்டும். பரிசை நம்பி நூலை வாங்கும் வாசகன், விருதை நம்பி மேசையில் அமர்பவனைப் போன்றவனே. அவனுடைய நம்பிக்கைக்கு மதிப்பிடுபவரே பொறுப்பாளி. வண்டல் அடங்கும்வரை காத்திருந்தால்தான் தேறல். வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தால்தான் தேறுதல்.