வேதாரண்யம் போய் வந்தேன்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடற்கரை ஊர் என்றால் நமக்கு வேளாங்கண்ணியும் தரங்கம்பாடியும்தான் நினைவுக்கு வரும். வேதாரண்யத்துக்கு நானும் இந்த ஆண்டுதான் முதல்முறை போனேன். திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதும் வயல்களின் பச்சை குறைந்துகொண்டே போகிறது. ஊருக்குத் தெற்கே அகஸ்தியம்பள்ளியில் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளம். பகல் வெயிலில் அந்த வெள்ளையை ஐந்து நிமிடம் பார்த்தாலே கண் கூசுகிறது. அதில் நாள் முழுவதும் வேலை செய்கிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

அங்கே ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. 1930 ஏப்ரல் 13, தமிழ் வருடப் பிறப்பன்று, ராஜாஜியும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து நடந்தே புறப்பட்டார்கள். சுமார் 150 மைல். 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். 30ஆம் தேதி தடையை மீறி உப்பு அள்ளினார்கள். ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை.

இது பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். வழியில் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அன்றைய தஞ்சைக் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கிறவர்களுக்குச் சிறைத் தண்டனை உண்டு என்று எச்சரித்திருந்தார். கிராமத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று போலீசுக்கும் தெரியவில்லை, சாப்பிட்டவர்களுக்கும் தெரியவில்லை. தம் வீட்டு அரிசியைப் பொங்கி, விடியுமுன் மரத்தடிக்கு நடந்த அந்தத் தாய்மாரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஒருவர் பெயர் மட்டும் ஊரில் நிலைத்திருக்கிறது. வைரப்பன் என்ற நாவிதர். சவரம் செய்துகொண்டிருக்கும்போதே எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார். அன்றாடக் கூலியை இழப்பது அவருக்குச் சின்னக் காரியமாக இருந்திருக்காது!

தொண்டர்களுக்கு இடம் கொடுத்த வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். அவர் சொத்து பறிமுதலானது. அவரே 1946இல் பெண் பிள்ளைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. உப்பளங்களில் கடல் சேறு படிந்தது. அதைப்பற்றி ஒரு தொழிலாளி அம்மாவிடம் கேட்டேன். "சேத்தை வாரிட்டு மறுபடி பாத்தி கட்டுனோம், ஐயா" என்றார். நான் கிளம்பும்போது ஒரு கைப்பிடி உப்பைத் தாளில் மடித்துக் கொடுத்தார். காசு நீட்டினேன்; வாங்கவில்லை.