அவையச்சமும் நகைச்சுவையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் காலனி இளைஞர் ஒருவர், தனியாக நின்று பேசி நம்மைச் சிரிக்க வைக்க முன்வந்தார். இரண்டாவது வேடிக்கையின் நடுவே அவருக்கு வாய் அடைத்துப் போயிற்று. பின்வரிசையில் ஒரு சீழ்க்கை எழுந்தது. முன்வரிசையில் கைதட்டி அவரை இறக்கினார்கள். தட்டிய கைகளுள் நம்முடையவையும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு நெடுநாள் அவர் ஒத்திகைப் பக்கமே தலைகாட்டவில்லை. அந்தக் குற்ற உணர்வினால்தான் இப்பொருளைப் பற்றிச் சிறிது படித்தோம்.

மேடை ஏறும் எல்லோருக்கும் அச்சம் உண்டு. ஆயினும் நகைச்சுவையாளனின் அச்சம் தனி வகையைச் சேர்ந்தது. சமயச் சொற்பொழிவாளர் முன் அவை அமைதியாக இருந்தால், அதனைப் பக்தி என்று கொள்ளலாம். உறங்கினாலும் பக்திதான்! சிரிப்பூட்ட வந்தவனுக்கோ அந்த வசதி இல்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை தீர்ப்பு வந்துவிடுகிறது, அமைதியே தண்டனை. அப்போது மனம் சொல்ல வேண்டிய சொல்லை விட்டுவிட்டுத் தன்னையே பார்க்கத் தொடங்குகிறது. குரல் நடுங்குகிறதா, கை எங்கே இருக்கிறது, இவர்கள் கண்டுகொண்டார்களா என்று கணக்கெடுக்கிறது. பாடம் செய்தது மறந்து போவது அந்தக் கணத்தில்தான்.

அவ்வளவாக ஒருவரும் கண்டுகொள்வதில்லை என்பது வியப்பான செய்தி. சவிட்ஸ்கி, கிலோவிச் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. பேசுவோர் தம் படபடப்பு வெளியே தெரிவதாக எண்ணும் அளவுக்கு, கேட்போர் கண்களுக்கு அது தெரிவதில்லை. இவ்வுண்மையை முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் நன்றாகப் பேசினார்கள். மருந்தில்லை, மந்திரமில்லை, ஒரு செய்தி தெரிந்ததே தைரியமாயிற்று.

ஜெர்ரி சைன்ஃபெல்ட் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க நகைச்சுவையாளர், 1976இல் நியூயார்க்கில் முதன்முதல் மேடை ஏறியபோது எல்லாம் மறந்து, பேச நினைத்தவற்றின் தலைப்புகளை மட்டும் முணுமுணுத்துவிட்டு இறங்கினாராம். அவரே சொல்லிச் சிரிக்கும் கதை இது. நம் இளைஞர் ஒரு வேடிக்கையையாவது முழுதாகச் சொன்னார்.

அப்படியானால் துணிவு எங்கிருந்து வருகிறது? வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறையைப் பாருங்கள். 72ஆம் அதிகாரம் அவையறிதல். அதன் பின்னரே 73ஆவதாக அவையஞ்சாமை. கேட்போர் யார் என்று அறிவது முந்தியது; அஞ்சாமை அதன் பின்னே வருவது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றால் போதும் என்று இக்காலத்தில் உபதேசம் செய்வோர் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

இம்மும்பை மாநகரிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆந்திரத்தில் பிறந்து, இங்கே வறுமையில் வளர்ந்து, தெருவில் திரைப்பட நடிகர்களைப் போல ஆடிக் காட்டிப் பேனா விற்ற ஒருவர், பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையில் தொழிலாளியானார். நிறுவன விழா ஒன்றில் மேலதிகாரிகள் சிலரைப் போல நடித்துக் காட்டினார். அன்று தொழிலாளர் சூட்டிய பெயரே ஜானி லீவர். அந்த அதிகாரிகளின் நடையையும் குரலையும் நாள்தோறும் கண்டவர்களே எதிரில் அமர்ந்திருந்தார்கள். எதற்குச் சிரிப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். நம் இளைஞரோ, சென்னைக் கல்லூரி விடுதிகளின் வேடிக்கையை, மூன்று தலைமுறையாகத் தாராவியிலும் மாதுங்காவிலும் வாழும் நம்மிடம் சொன்னார். குற்றம் துணிவில் இல்லை. சரக்கு வேறு நிலையத்துக்கு உரியது.

இன்னொன்றும் உண்டு. சிரிப்பு எழும்போது நிற்க வேண்டும். அது அடங்குமுன் அடுத்த சொல்லைத் தொடுகிறவன் தன் சிரிப்பைத் தானே வெட்டிவிடுகிறான். பெரிய கலைஞர்களிடம் மேடைக் களை என்று நாம் வியப்பதில் பாதி, அவசரப்படாமல் நிற்கும் அந்த நிற்றல்தான்.

அவையின் பங்கு என்ன? ராபர்ட் புரோவைன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், மனிதன் தனித்திருக்கையில் சிரிப்பதைப் போல ஏறக்குறைய 30 மடங்கு, பிறரோடு இருக்கையில் சிரிக்கிறான் என்று கண்டார். சிரிப்பு அடுத்த நாற்காலியிலிருந்து தொற்றுவது. நம் மண்டபத்திலோ முன்னே இரண்டு வரிசை விருந்தினருக்கென்று காலி. பின்னே ஆளுக்கொரு மூலை. இவ்வெற்றிடத்தைப் பார்த்து எவன் சிரிப்பூட்டுவான்?

அந்த இளைஞர் இன்று மீண்டும் வந்திருக்கிறார். நிகழ்ச்சி நிரலில் ஏழாவது. இம்முறை நம் காலனித் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசப் போவதாகக் கேள்வி. ஆறாவது நிகழ்ச்சி முடிந்ததும், செயற்குழு அன்பர்கள் அந்த விருந்தினர் நாற்காலிகளை அகற்ற வேண்டும். பின்னால் இருப்போர் நெருங்கி முன்னே வந்து அமர வேண்டும். நாம் முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம்.