கற்பிட்டி மணலும் நம் லயத்துத் தக்காளியும்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

ஆகஸ்ட் மாதம் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பாலாவியில் திரும்பி, கற்பிட்டிப் பாதையில் பஸ் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் மணல். அந்த மணலில் வெங்காயமும் மிளகாயும் தக்காளியும் பச்சைப் பசேலென்று நிற்கும். "மணல்ல விளையுது, நம்ம மலை மண்ணுல வீட்டுத் தேவைக்காவது விளையாதா?" என்று கேட்கத் தோன்றும். விளையும். அதைச் சொல்லத்தான் வந்தோம்.

நாங்கள் சொல்வது செர்ரி தக்காளி. பீலிக்கரையிலும் குப்பை மேட்டிலும் தானாக முளைக்கிறதே குட்டித் தக்காளி, அதன் சொந்தக்காரன்தான் இது. கொத்துக் கொத்தாகப் பல வாரம் காய்க்கும். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம்.

இது ஏன் முக்கியம்? நம் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இரத்தசோகை அதிகம். கீரையிலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் உடம்பு அதை முழுவதும் எடுத்துக்கொள்வதில்லை. தக்காளியிலுள்ள விற்றமின் சி அதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணியோ அதைத் தடுக்கும். ஆகவே கீரையோடு பச்சைத் தக்காளிச் சம்பல் வையுங்கள். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி நடும் முறை. ஒரு நாளைக்கு 6 மணித்தியாலமாவது வெயில் படும் இடம் வேண்டும். இடமில்லாதவர்கள் பழைய அரிசிச் சாக்கில் அடியில் துளையிட்டு, மண்ணும் மக்கிய கூட்டெருவும் சரிபாதி கலந்து நிரப்பலாம். மருந்து வந்த கான்களை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம். விதையை அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். மூன்று நாலு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி, தண்டில் ஒரு பகுதியும் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். தண்டிலும் வேர் விடும். கன்றுக்குக் கன்று ஒன்றரை அடி இடைவெளி விட்டு, கம்பு ஊன்றிக் கட்டுங்கள். இலையில் படாமல் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் மேலே பொலித்தீன் கூரை ஒன்று போட்டால், உருளைக்கிழங்கைக் கருக்கும் அதே நோய் தக்காளியையும் கருக்காமல் ஓரளவு காக்கலாம்.

நன்றாக நின்ற செடி பச்சையாகவே திடீரென்று வாடினால் தண்டை வெட்டி, ஒரு கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். வெள்ளையாய்ப் பால்போல இழை இறங்கினால் அது பக்டீரியா வாடல். செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். கூட்டெருக் குழியில் போடாதீர்கள். அந்த இடத்தில் சில போகம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் வேண்டாம். நான்கும் ஒரே குடும்பம்.

இப்போது கற்பிட்டி தரும் பாடத்துக்கு வருவோம். மணல் தண்ணீரைத் தாங்காது. அதனால் அடிக்கடி இறைக்கிறார்கள், அடிக்கடி பசளை போடுகிறார்கள். பயிர் எடுத்தது போக மீதிப் பசளை தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிறது. குடிக்கிற கிணறும் அதே நிலத்தடி நீரில்தான். அங்குள்ள கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் சொன்ன லீட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்கு மேலே நைத்திரேற்று இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் மாக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கலாம். "கொதிக்க வச்சா சரியாயிடுமே" என்பீர்கள். கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

நமக்கு மணல் இல்லை, சரிவு இருக்கிறது. மேல் லயத்தில் அள்ளிப் போட்ட யூரியா, மழை வந்தால் கீழ் லயத்துப் பீலிக்கு வரும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து நவம்பரில் நீக்கப்பட்டது நினைவிருக்கும். ஒரேயடியாக நிறுத்தியபோது நாடே தடுமாறியது. ஆனால் வீட்டுக்கு நாலு செடி வளர்க்க யூரியா மூட்டை தேவையா? மாட்டெரு, அடுப்புச் சாம்பல் கொஞ்சம், மக்கிய குப்பை, இவை போதும். எருக்குழியைப் பீலிக்கு மேலே வெட்டாதீர்கள்.

முதல் பழங்களில் நல்லதைப் பிழிந்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள். அடுத்த வீட்டு அக்காவுக்கும் ஒரு பிடி கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, எத்தனை வீட்டு வாசலில் கொத்து தொங்குகிறது என்று நாங்கள் எண்ணிப் பார்ப்போம்.