வலியும் மாத்திரையும்

வெள்ளிவிழாக் காணும் இக்கல்விக் கழகத்தின் மேடையில், இயன்முறை மருத்துவம் பயின்று பணிபுரியும் நாங்கள், வலிநிவாரணி மாத்திரைகளுக்கு மனிதர் அடிமையாவதைப் பற்றியும், அதனைத் தடுப்பதில் எங்கள் தொழிலுக்குள்ள பங்கைப் பற்றியும் சில சொல்ல விழைகிறோம்.

உடலுழைப்பே நம் மக்களுள் பெரும்பாலோரின் மூலதனம். மூட்டை சுமந்த முதுகும் நாற்று நட்ட இடுப்பும் வலிக்காமலிரா. ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போயிற்று. ஆகவே மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறோம். சாதாரண மாத்திரைக்கு அடங்காத வலிக்கு டிரமடால், டேபெண்டடால் போன்ற அபின் வகை மருந்துகள் வந்து சேருகின்றன. இவை வலியின் காரணத்தை நீக்குவதில்லை. மூளை வலியை உணரும் விதத்தையே மாற்றுகின்றன. நாளடைவில் பழைய அளவு போதாமற் போகிறது. திடீரென நிறுத்தினாலோ வியர்க்கிறது, உடல் நோகிறது, உறக்கம் கெடுகிறது. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

அமெரிக்க நாடு இதற்குக் கொடுத்த விலை பெரிது. அங்கு 1996இல் ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அது அடிமைப்படுத்தும் அபாயத்தைக் குறைத்துக் கூறி விற்றதாக 2007இல் நீதிமன்றத்தில் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. மாத்திரையில் தொடங்கிய கேடு பின்னர் கள்ளச் சந்தைப் பொருள்களில் போய் முடிந்தது. 2021ஆம் ஓராண்டில் மட்டும் அபின் வகைப் பொருள்களால் அந்நாட்டில் 80,000 பேருக்கு மேல் மாண்டனர். நம் நாட்டிலும் 2018இல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது.

மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்களே காண்கிறார். நாங்களோ வாரக்கணக்கில் உடனிருந்து பயிற்சியளிக்கிறோம். எந்த மாத்திரை, நாளைக்கு எத்தனை, எத்தனை நாளாக என்று கேட்டறிதல் எங்கள் முதற் கடமை. பகலிலே மயங்கிய தூக்கம், சுருங்கிய கண்மணி, மலச்சிக்கல், ஏறிக்கொண்டே போகும் அளவு ஆகியவற்றைக் கண்டால் மருத்துவருக்குத் தெரிவிப்பது இரண்டாவது. மாத்திரையை நாங்களே நிறுத்தச் சொல்லக் கூடாது. மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலிக்கு அஞ்சி அசையாதிருப்பவரைச் சிறிது சிறிதாக நடக்கவும், குனியவும், பளு தூக்கவும் பழக்கி, மாத்திரையின் தேவையையே குறைப்பது மூன்றாவது. புற்றுநோயால் துடிப்பவருக்கு மார்ஃபின் இன்றியமையாதது. அதனை நாம் தடுத்தல் தகாது.

எல்லாவற்றிலும் மேலாக, மாத்திரைக்கு அடிமையானவரை இழித்துப் பேசலாகாது. இழிவுக்கு அஞ்சுபவர் உண்மையை மறைப்பார். மறைத்தால் உயிர் போகும். இழிவென்பது எத்தகைய கொடுமை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! தொட்டாலே தீட்டென்று கூறிய சமுதாயத்தில், தொட்டு நலமாக்கும் தொழில் இது. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பயின்ற மாணவ மாணவியர் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பில் சேர முன்வர வேண்டும். உழைத்து நொந்த நம் பெற்றோரின் முதுகுக்கு மாத்திரை மட்டுமே மருந்தென்ற நிலையை மாற்ற, இக்கழகம் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டுமெனக் கேட்டு அமைகிறோம்.