காவல் நின்ற வீரர் லிலியான் துராம்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



உதைபந்தாட்ட வீரர் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். கோல் அடித்து உலகப் புகழ் பெற்ற ஒருவரையே நான் தெரிந்தெடுப்பேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். பெலேயையும் மரடோனாவையும் அறியாதார் நம்முள் எவருமில்லை. ஆயின் இன்று நான் எடுத்துக்கொண்டவர் பிரான்ஸ் தேசத்துக்காக 142 ஆட்டங்கள் ஆடி, அத்தனையிலும் இரண்டே இரண்டு கோல்கள் அடித்தவர். எதிரியை அடிக்க விடாமல் தடுப்பதே அவர் தொழில். லிலியான் துராம் என்பது அவர் பெயர்.

பின்கள வீரனின் பணி எத்தகையது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். முன்வரிசை வீரன் பத்து முறை தவறி ஒருமுறை பந்தை வலைக்குள் செலுத்திவிட்டால் அவனைத் தோளில் தூக்கி ஆடுவார்கள். பின்கள வீரன் பத்து முறை காத்து ஒருமுறை தவறினால் அந்த ஒன்றையே ஊரெல்லாம் பேசும். அறுவடை நாளில் வேலி கட்டியவனை யார் நினைக்கிறார்கள்? ஆடு உள்ளே புகுந்த அன்றுதானே வேலிக்காரன் எங்கே என்று தேடுகிறோம்! அந்த வேலிக்காரனின் வேலையை ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் செய்தவர் துராம்.

அவர் 1972ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி குவாதலூப் என்னும் தீவிற் பிறந்தார். கரீபியக் கடலில் உள்ள அத்தீவு 1946 முதல் பிரான்சின் மாவட்டங்களுள் ஒன்று. ஐந்து பிள்ளைகளைத் தனியே வளர்த்த அவருடைய தாயார் பிழைப்புத் தேடிப் பாரிஸ் நகர்ப்புறத்துக்குச் சென்று, துப்புரவு வேலை செய்து பணம் சேர்த்து, 1981இல் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார். அப்போது துராமுக்கு வயது ஒன்பது.

புதிய பாடசாலையிற் சில பிள்ளைகள், தொலைக்காட்சிச் சித்திரக் கதையொன்றில் வந்த கருநிறப் பசுவின் பெயரால் அவரை அழைத்தார்கள். சிறுவன் வீட்டுக்கு வந்து, ஏன் இப்படி அழைக்கிறார்கள் என்று தாயைக் கேட்டான். உலகம் அப்படித்தான், அது மாறப்போவதில்லை என்ற கருத்திலேயே தாய் விடை சொன்னார். இதனைத் துராமே பிற்காலத்திற் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். நாள் முழுவதும் உழைத்துக் களைத்த அத்தாயைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அந்த விடை அவருக்குப் போதவில்லை. அந்தக் கேள்வியை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்தார் என்பதைப் பின்னர் காண்போம்.

பொந்தன்புளோ நகரை அடுத்த சிறு கழகங்களில் ஆடிய அவரை மொனாக்கோ கழகம் சேர்த்துக்கொண்டது. அங்கே பயிற்றுநராக இருந்த ஆர்சென் வெங்கர் 1991இல் அவரை முதலணியிற் களமிறக்கினார். 1994 ஆகஸ்ட் 17ஆந் தேதி செக் குடியரசுக்கு எதிராக அவர் முதன்முதலாகப் பிரான்சின் சட்டை அணிந்தார். சினடின் சிடானுக்கும் அதுவே முதல் ஆட்டம். 1996இல் இத்தாலியின் பார்மா கழகம் அவரை வாங்கியது. பின்கள ஆட்டத்தை ஒரு கலையாகவே போற்றும் நாடு இத்தாலி. அங்கே கோற் காப்பாளர் புபொனுக்கு முன்னால், கன்னவாரோவுக்குப் பக்கத்தில் நின்று ஆடி, 1999இல் யூஏபா கிண்ணத்தை வென்றார். 2001இல் யுவெந்துஸ் கழகம் சேர்ந்து, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியச் சாம்பியன் பட்டம் பெற்றார்.

இனி, அவரை உலகம் அறிந்த நாளுக்கு வருகிறேன். 1998 யூலை 8ஆந் தேதி; உலகக் கிண்ண அரையிறுதி. பாரிசை அடுத்த சென்-தெனி மைதானத்தில் பிரான்சும் குரோஷியாவும் மோதின. இடைவேளை வரை கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கியவுடனே குரோஷியாவின் சூக்கர் தனியே ஓடிவந்து கோல் அடித்தார். யார் தவறு? துராமின் தவறே. பின்கள வீரர்கள் ஒரே கோட்டில் முன்னேறி நின்றால், அவர்களைத் தாண்டி நிற்கும் எதிரி ஓப்சைட் ஆகிவிடுவான். ஒருவர் மட்டும் இரண்டு அடி பின்தங்கி நின்றுவிட்டாலும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அன்று பின்தங்கி நின்றவர் துராம். தம் தேசத்தின் முதல் இறுதியாட்ட வாய்ப்பு தம்மாற் கைநழுவிப் போகும் நிலை.

அவர் தலையிற் கை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த நிமிடமே முன்னே பாய்ந்து, குரோஷியத் தலைவர் பொபானிடமிருந்து பந்தைப் பறித்தார். தோழரிடம் கொடுத்துத் திரும்பப் பெற்றுக் கோலாக்கினார். 70ஆவது நிமிடத்தில் மறுபடியும் பந்தைப் பறித்து, வலக்காற்காரரான அவர் இடக்காலால் வளைத்தடித்த பந்து வலையின் மூலையிற் சென்று விழுந்தது. ஒரு முழங்காலை ஊன்றி, சுட்டுவிரலை உதட்டில் வைத்து, இது எப்படி நடந்தது என்று வியப்பவர் போல அவர் அமர்ந்திருந்த கோலத்தைப் பிரெஞ்சு மக்கள் இன்றும் மறக்கவில்லை.

ஆனால் இளைஞர்களே, அந்த இரண்டு கோல்களோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். சில நிமிடங்களில் பிரான்சின் லொரான் பிளான் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய நேரம் முழுவதும் பத்துப் பேராய் நின்று அந்த 2-1 முன்னிலையைக் காத்தார்களே, அதுவே துராமின் உண்மையான தொழில். நான்கு நாள் கழித்துப் பிரேசிலை 3-0 என வென்று பிரான்ஸ் கிண்ணத்தை ஏந்தியது. ஏழு ஆட்டங்களில் அவ்வணி விட்டுக்கொடுத்த கோல்கள் இரண்டே.

2000இல் ஐரோப்பியக் கிண்ணமும் கிடைத்தது. 2004இல் தேசிய அணியிலிருந்து விலகியவர், அழைப்புக்கு இணங்கி 2005இல் மீண்டார். 34ஆவது வயதில் 2006 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நின்றார். இத்தாலி தண்டனை உதைகளில் வென்றது. 2008இல், பாரிஸ் நகரக் கழகத்திற் சேர்வதற்கான மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு வெளிப்பட்டதால் ஆட்டத்தை விட்டார். அவருடைய 142 ஆட்டங்கள் என்ற எண்ணிக்கையைப் பிரெஞ்சு ஆடவர் அணியில் 2022 வரை எவரும் தாண்டவில்லை.

மைதானத்துக்கு வெளியேயும் அவர் காவலை விடவில்லை. அணியிற் கறுப்பர் மிகுந்துவிட்டனர் என்று அரசியல்வாதி லெ பென் 2006இற் கூறியபோது, பிரெஞ்சு மக்களுள் கறுப்பரும் உளர், பொன்முடியினரும் உளர் என்பதை அவர் அறியார் போலும் என்று துராம் அமைதியாக விடை கூறினார். அவ்வாண்டே, கஷான் நகரிற் குடியிருந்த கட்டடத்தினின்று வெளியேற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களை, அவரும் தோழர் வியெராவும் பிரான்ஸ்-இத்தாலி ஆட்டத்துக்கு விருந்தினராக அழைத்தனர். 2008இற் கல்வியினால் இனவெறியைப் போக்கும் நிறுவனமொன்றைத் தம் பெயரில் அமைத்தார். எவரும் இனவெறியோடு பிறப்பதில்லை, அது பழகி வருவதே என்பது அவர் கொள்கை. அவருடைய பேச்சு எல்லாருக்கும் உவப்பானதன்று. 2019இல் வெள்ளையரின் மனப்பான்மை பற்றி அவர் கூறியதை இனவெறியை எதிர்ப்போருட் சிலரே கண்டித்தனர். இருந்தும் அவர் வாய் மூடவில்லை.

இளைஞர்களே, நம் அணிகளில் நன்றாக ஆடுபவனை முன்னே நிறுத்தி, மிஞ்சியவனைப் பின்னே தள்ளும் வழக்கம் உண்டு. பின்னே நிற்கச் சொன்னால் முகம் கோணாதீர்கள். அங்கே தவறு நேர்ந்தால், அடுத்த பந்து உங்களிடம் வருமுன் மனத்தை நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பிறர் இழித்துப் பேசியதைச் சொல்லி, ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், உலகம் அப்படித்தான் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருத்தி, அவன் கேட்டதை முழுவதும் கேளுங்கள். உங்களிடம் விடை இல்லாவிடினும், தனக்காகக் காவல் நிற்க ஒருவர் உண்டு என்பதை அவன் அறிந்துகொள்வான்.